ஹீட்டருக்குப் போன தோட்டத்து வயர்

ஒன்பதாவது அத்தியாயம்

தம்பிக்குப் பெண் குழந்தை பிறந்தது, அந்தச் சந்தோஷத்தில் அப்பா கடைச் சாவியை அவனுக்கே கொடுத்துவிடப் போவதாக அறிவித்தது, அதைக் கேட்ட அக்கா ஒரு வார்த்தை பேசாமல் டூல் பையைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போனது, இவ்வளவும் போன வாரமே நடந்து முடிந்துவிட்டது. மாடிக்குப் போனவள் இன்று காலையும் அங்கேதான் இருக்கிறாள். கோபம் வந்தால் சாப்பாட்டை விடுகிறவர்கள் உண்டு, பேச்சை விடுகிறவர்கள் உண்டு. இவள் இரண்டையும் விட்டுவிட்டு வேலையைப் பிடித்துக்கொள்கிற ரகம்.

இன்றைக்குத்தான் முதல் தடவையாக எட்டிப் பார்க்கிறவர்களுக்காக ஒரு வார்த்தை. முன்னால் எலெக்ட்ரிகல் கடை, பின்னால் வீடு, மேலே புதிதாகக் கட்டிய ஒரே ஓர் அறை. கடை அப்பாவுடையது. அந்தக் கடை வயரை எடுத்துக்கொண்டு போய் அக்கம்பக்கத்து வீடுகளுக்கெல்லாம் வயரிங் செய்கிறவள் அக்கா. தெருவே அவளை ‘வயரிங் அக்கா’ என்றுதான் கூப்பிடும். கல்யாண வாழ்க்கை சரிப்பட்டு வராமல் ஒரு பெட்டியோடும் ஒரு டூல் பையோடும் பிறந்த வீட்டுக்குத் திரும்பி வந்தவள். பெட்டியை அம்மா வாங்கி உள்ளே வைத்தாள், பையை அப்பா வாங்கிக் கடையில் வைத்தார். அன்றிலிருந்து, கடை ஒரு நாள் தனக்குத்தான் வரும் என்று அவளாக மனதில் ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தாள். அவர்களும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. எல்லா வம்பும் அங்கிருந்துதான்.

தம்பிக்கு வீட்டில் வைத்த பட்டப்பெயர் அரைக்கிணறு. எதைத் தொட்டாலும் பாதியில் விட்டுவிட்டு அடுத்ததற்குத் தாவிவிடுவான். பாதி பெயிண்ட் அடித்த சைக்கிள், பிரித்துப்போட்டு மறுபடி பூட்டாத மிக்சி, பாதித் தொட்டிகளுக்கு மட்டும் விளக்கு எரிகிற கொல்லைத் தோட்டம் எல்லாம் அவன் கைவண்ணம். அவன் மனைவி பள்ளிக்கூடத்தில் டீச்சர். வீட்டிலும் டீச்சர்தான், அதில் யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை.

டீச்சரும் குழந்தையும் இன்று சாயங்காலம் ஆஸ்பத்திரியிலிருந்து வருகிறார்கள். நேராக அந்த மாடி அறைக்கு.

அதனால்தான் அக்கா அழைப்பு மணி பொருத்திக்கொண்டிருந்தாள். பிள்ளை பெற்றவள் எதற்கெடுத்தாலும் மாடிப்படி வரை வந்து கத்த வேண்டாம் அல்லவா? கட்டிலோரம் இருக்கிற பட்டனை அமுக்கினால் கீழே கடையில் மணி அடிக்கும். பன்னிரண்டு வோல்ட் சமாசாரம். ஒரு சின்ன அடாப்டரும் கொஞ்சம் மெல்லிய வயரும் இருந்தால் வேலை முடிந்தது. மெல்லிய வயர் கடையில் இருந்தது. கடையில் அப்பா இருந்தார். அவர் முகத்தைப் பார்க்கப் பிடிக்காமல், ஹீட்டர் லைனுக்கு இழுத்தது போக, வயர் சுற்றி வைக்கிற ஸ்பூல் உருளையில் மீந்து கிடந்த சிவப்பு வயரையே எடுத்தாள்.

அது நாலு ஸ்கொயர் வயர், ஸ்கொயர் என்பது கம்பியின் கனத்துக்கான கணக்கு. ஹீட்டர், ஏசி மாதிரி கரண்டை மடமடவென்று குடிக்கிற சாமான்களுக்குப் போடுகிற தடித்த செம்பு வயர். அதைக் கொண்டுபோய்க் காலிங் பெல்லுக்குப் போடுவது அநியாயம்தான். கோபத்தில் இருக்கிறவளிடம் நியாயம் பேச யாரும் பக்கத்தில் இல்லை.

நுனியை உரித்தாள். பட்டனின் குட்டி ஸ்க்ரூவுக்குள் இழைகள் நுழைய மறுத்தன. கொஞ்சத்தைக் குறைக்கலாம் என்று கத்தியால் சுரண்டினாள்.

செம்பு நிறம் உரிந்தது. உள்ளே வெள்ளையாக இருந்தது.

இன்னோர் இழையைச் சுரண்டினாள். அதுவும் வெள்ளை. விரலில் பிடித்து இப்படியும் அப்படியும் மடித்தாள். பட்டென்று முறிந்தது. செம்பு அத்தனை சுலபத்தில் முறியாது. இது அலுமினியம், மேலே செம்புப் பூச்சு. உறை மட்டும் தடியாக இருக்கிறது, உள்ளே சரக்கு இல்லை.

இதே ஸ்பூலிலிருந்துதான் ஹீட்டருக்கு இழுத்திருக்கிறோம் என்பது மூளைக்கு எட்ட ஒரு கணம் ஆயிற்று. குளியலறைக்குள் தம்பி பாடிக்கொண்டே குளிப்பது கேட்டது. புது ஹீட்டரைச் சோதனை பார்க்கிறானாம். அவள் எழுந்து போய் ஹீட்டர் ஸ்விட்ச் பிளேட்டின்மேல் உள்ளங்கையை வைத்தாள்.

சுட்டது.

ஒரே ஓட்டமாக ஓடிப் படியோரம் இருந்த மெயினை இறக்கினாள். பாட்டு நின்றது.

"யார் கரண்டை நிறுத்தினது? கண்ணெல்லாம் சோப்பு!"

"நான்தான். வெளிய வா."

"அக்கா, இருட்டுல டவல் எங்க இருக்குன்னே தெரியல."

"தடவிப் பாரு. வா சீக்கிரம்."

நுரையோடு வந்து நின்றவனின் மூக்குக்கு நேராக அந்த வயர்த் துண்டை நீட்டினாள்.

"இது என்ன?"

"வயர்."

"யாரோட வயர்?"

அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தான். "நம்ம தோட்ட விளக்குக்கு வாங்கின வயர் மாதிரி இருக்கு."

"மாதிரி என்ன மாதிரி? அதேதான். உன் தோட்டத்து வயர் இப்ப ஹீட்டர் லைன்ல ஓடுது. சுவத்துக்குள்ள. உன் பொண்ணு படுக்கப்போற கட்டிலுக்குத் தலைமாட்டுல."

அவன் சிரிக்க வந்தவன், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டான்.

"தோட்டத்துல நல்லாத்தானே எரியுது?"

"அங்க பன்னெண்டு வோல்ட்டு. குட்டி பல்பு, கொஞ்சூண்டு குடிக்கும். அதுக்கு இது போதும். ஹீட்டர் குடம் குடமாக் குடிக்கும்டா. இந்தக் கம்பி தாங்காது. உறையும் வீட்டுக் கரண்டுக்குன்னு செஞ்சது இல்ல. சூடாகும், இளகும், ஒரு நாள் உள்ளுக்குள்ளயே புகையும். நீங்க மூணு பேரும் தூங்கிட்டிருப்பீங்க."

"நான் எங்க ஹீட்டருக்குப் போடச் சொன்னேன்? சிவப்பு ஒரு கட்டு, கறுப்பு ஒரு கட்டு வாங்கினேன். மீந்ததை ஷெட்டுல அட்டைப்பெட்டியில போட்டேன். அதோட மறந்துட்டேன்."

"மறந்துட்டே. உன் ஜாதகமே அந்த ஒரு வார்த்தைதான்."

அவ்வளவோடு விட்டிருக்கலாம். அவள் விடவில்லை. போன வாரத்திலிருந்து தொண்டையில் நின்றுகொண்டிருந்ததெல்லாம் அந்த வயரைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தது. பொறுப்பு என்றால் என்னவென்று தெரியுமா என்று கேட்டாள். கடை என்றால் விளையாட்டுச் சாமானா என்று கேட்டாள். கடைசியில், "உன் கையில கடையைக் குடுத்தா தெருவே பத்திக்கிட்டு எரியும்!" என்றாள்.

தம்பி டவலை இறுக்கிக்கொண்டான். "ஓ, கோபம் அதுலதானா?" என்று மட்டும் மெதுவாகக் கேட்டான்.

படியில் செருப்புச் சத்தம் கேட்டது. அம்மா. மருமகளை அழைத்து வர ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிப் புதுப் புடவையோடு நின்றாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டாள் என்று அவள் முகமே சொன்னது. அம்மா காதில் விழுந்த செய்தி ஆஸ்பத்திரி போய்ச் சேர டெலிபோன்கூட வேண்டாம்.

"சாயங்காலத்துக்குள்ள சரி பண்ணிடுவீங்களா, இல்ல பச்சைப் புள்ளையை நான் மடியிலயே வச்சுக்கிட்டு உக்காரணுமா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் இறங்கிப் போனாள்.

தம்பி சட்டை மாட்டப் போனான். அக்கா மறுபடி அந்த ஸ்பூலைக் கையில் எடுத்தாள். எதையாவது உடைத்தால் தேவலை போல இருந்தது. உடைக்காமல் பார்த்தாள்.

பார்த்ததுதான் தப்பு. வயர் வரிசை வரிசையாக, ஒன்றோடொன்று ஒட்டி, ஒரு சுற்றுகூட ஏறாமல் இறங்காமல் சுற்றியிருந்தது. நுனி பக்கத்து ஓட்டையில் நுழைந்து ஒரு சின்னச் சுருக்கு முடிச்சோடு நின்றது. அரைக்கிணறு எதையாவது கடைசிவரை சுற்றியிருக்கிறானா? அட்டைப்பெட்டியில் போட்டேன் என்றான். ஸ்பூல் என்ற பேச்சையே அவன் எடுக்கவில்லை.

அந்த முடிச்சைப் போடுகிற கை இந்த வீட்டில் ஒன்றுதான்.

அவள் இல்லை இல்லை என்று தலையை ஆட்டிக்கொண்டே கடைக்கு இறங்கினாள். நல்ல வயர் எடுக்கத்தான் போகிறேன் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

அந்தக் கடையில் ஒரு பழக்கம் உண்டு. வெட்டியது போக மீந்த வயர்களைத் தூக்கிப் போடமாட்டார்கள். காலியாகக் கிடக்கிற ஏதாவது ஒரு ஸ்பூலில் சுற்றி வைப்பார்கள். ஸ்பூலில் ஒட்டியிருக்கிற சீட்டு ஒன்று சொல்லும், உள்ளே இருப்பது வேறாக இருக்கும். அதைப் பற்றி யாரும் கவலைப்பட்டதில்லை, ஏனென்றால் சீட்டை யாரும் படிப்பதே இல்லை. நுனியை உரித்து, கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே ஒரு முறுக்கு முறுக்கி, ‘இது ஒண்ணரை’, ‘இது ரெண்டரை’, ‘இது போலி, தூக்கிப் போடு’ என்று அப்பா சொல்வார். கம்பெனிக்காரன் அச்சடித்தது பொய்யாக இருக்கலாம், அப்பா விரல் சொன்னால் சரி. கடையில் அதுதான் சட்டம். போன வாரம், சாவிப் பேச்சு வருவதற்கு முன்னால், அவசர அவசரமாக ஹீட்டருக்கு வயர் கேட்டபோதுகூட, "இந்தா, நாலு" என்று அவர்தான் இந்த ஸ்பூலைக் கையில் கொடுத்தார். உறைக்குள் கம்பி கொஞ்சம் குறைவோ என்று அவளுக்குத் தோன்றத்தான் செய்தது. அப்பா சொன்னாரே என்று இழுத்துவிட்டாள்.

கடையில் தெருமுனைத் தையற்காரர் நின்றிருந்தார்.

"மெஷினுக்கு மேல ஒரு விளக்குங்க ஐயா. பன்னெண்டு வோல்ட்டு பட்டை விளக்கு. என்ன வயர் போடலாம்?"

"அடாப்டர் எங்க இருக்கு?"

"முன் ரூம்ல. மெஷின் கொல்லைக் கடைசில."

"அவ்வளவு தூரமா? அப்போ பொடி வயர் ஆகாது. பன்னெண்டு வோல்ட்டு தூரம் போனா களைச்சுப் போயிடும். விளக்கு அழுது வடியும். நீ ஊசியில நூல் கோக்கவே விடிஞ்சிடும். தடியாப் போடு." அப்பா கைக்கு வந்த ஸ்பூலை இழுத்தார். நுனியை உரித்தார், முறுக்கினார். "ரெண்டரை. இது போதும்."

அக்கா எட்டிப் பார்த்தாள். அது ரெண்டரை இல்லை. ஒரு ஸ்கொயர்கூட இல்லை.

அவர் அளந்து இழுக்க ஆரம்பித்தார். சிவப்பு வயர் இல்லை அது, மஞ்சள். ஆனால் அவர் கையைத் தாண்டி வருகிற இடத்தில் சிவப்பாக இருந்தது. மேஜையில் ஒரு சொட்டு விழுந்தது. இன்னொன்று. அப்பா தையற்காரரிடம் அவர் மகன் படிப்பைப் பற்றி விசாரித்துக்கொண்டே இழுத்துக்கொண்டிருந்தார்.

"குடுங்கப்பா, நான் பார்க்கறேன்." அவள் வயரை வாங்கிக் கீழே போட்டுவிட்டு, வேறு ஸ்பூலிலிருந்து சரியானதை வெட்டித் தையற்காரரை அனுப்பினாள். பிறகு அப்பாவின் கையைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினாள். கட்டை விரல் சதையில் ஒரு கம்பி இழை ஏறி, முறிந்து, அப்படியே நின்றது.

"வலிக்கலையாப்பா?"

"எது?"

அவள் இழையைப் பிடுங்கினாள். அவர் முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை.

"எவ்வளவு நாளாப்பா?"

"இப்பத்தான் குத்தியிருக்கும்."

"குத்தினதைக் கேக்கல. மரத்துப்போனதைக் கேக்கறேன்."

அப்பா கையை விடுவித்துக்கொண்டு, ஏற்கெனவே வரிசையாக இருந்த ஸ்விட்சுகளை மறுபடி வரிசையாக வைத்தார். "கொஞ்ச காலமா. மொதல்ல நுனி மட்டும்தான். இப்போ எதைத் தொட்டாலும் கையுறை போட்டுக்கிட்டுத் தொடற மாதிரி இருக்கு. சர்க்கரையால இருக்கும்."

"டாக்டர்கிட்ட சொன்னீங்களா?"

"சொன்னா கடைக்குப் போகாதேன்னுவார்."

"ஹீட்டருக்குக் குடுத்த வயர், நீங்க சுத்தினதா?"

அவர் அவளைப் பார்க்கவில்லை. "ஷெட்டைப் பெருக்கும்போது கெடந்துது. நல்ல வயரை இப்படிப் போட்டு வச்சிருக்கானேன்னு எடுத்துச் சுத்தினேன். முறுக்கிப் பார்த்தேம்மா. பார்க்காம இல்ல. நாலுன்னுதான் பட்டுது. என்ன ஆச்சு அதுக்கு?"

அவள் சொன்னாள். அப்பா ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"குழந்தை ரூம்லயா?"

"ஆமாப்பா. இப்ப மாத்தப்போறேன். பயப்படாதீங்க. ஆனா நான் தம்பியை வாய்க்கு வந்தபடி திட்டிட்டேன். அம்மாவும் கேட்டுட்டுப் போயிருக்காங்க. நீங்க ஒரு வார்த்தை…"

"வேணாம்." அப்பா சட்டென்று சொன்னார். "யார்கிட்டயும் சொல்லாதே. அவன் தாங்குவான். அவனுக்குத் திட்டு வாங்கிப் பழக்கம்."

அவளுக்குச் சுருக்கென்றது. இந்த மனுஷனா பேசுகிறார் என்று பார்த்தாள்.

"விரல் போச்சுன்னு தெரிஞ்சா நாளைலருந்து யாரும்மா என்கிட்ட வயர் வாங்குவாங்க? நீங்கதான் என்னை இந்த ஸ்டூல்ல உக்கார விடுவீங்களா? அதுக்குத்தான் அவனுக்குச் சாவி குடுக்கறேன்னு சொன்னேன்."

"அதுக்கும் இதுக்கும் என்னப்பா சம்பந்தம்?"

"உன்கிட்ட குடுத்தா ஒரே நாள்ல கண்டுபிடிச்சிடுவே. அவன் எதைக் கவனிச்சான், இதைக் கவனிக்க? நான்பாட்டுக்கு உக்காந்திருப்பேன்."

போன வாரம் முழுக்க அவள் சாப்பிடாமல், பேசாமல், ஏன் நான் இல்லை, என்னிடம் என்ன குறை என்று சுவரோடு சண்டை போட்டதற்கு இதுதான் பதில். அவளிடம் குறை ஒன்றும் இல்லை. அவளுக்குக் கண் நன்றாகத் தெரிகிறது என்பதுதான் காரணம். அழலாமா அடிக்கலாமா என்று தெரியாமல், புதிதாகப் பிரிக்காத ஒரு சிவப்புக் கட்டை அலமாரியிலிருந்து உருவி எடுத்துக்கொண்டு படியேறினாள். ஏறுவதற்கு முன் அந்தக் கட்டின் நுனியை உரித்து, சுரண்டி, மடித்து, எடை பார்த்தாள். இனி யார் விரலையும் நம்புவதாக இல்லை.

மாடியில் தம்பி பிளேட்டைக் கழற்றி வைத்துத் தயாராக நின்றிருந்தான். யாரும் சொல்லாமலே.

பழைய வயரின் நுனியில் புது வயரைக் கட்டி, ஒருவர் இந்தப் பக்கம் இழுக்க, ஒருவர் அந்தப் பக்கம் தள்ள வேண்டும். சுவருக்குள் இருக்கிற வயர்க் குழாயிலிருந்து பழையது வெளியே வரும்போதே புதியது உள்ளே போய்விடும். அக்கா மெயின் போர்டு பக்கம், தம்பி குளியலறையில். கூடவே ஓடுகிற கறுப்பு வயர் கடையின் புதுக் கட்டிலிருந்து இழுத்தது, சுரண்டிப் பார்த்தபோது செம்பாகவே இருந்தது.

"இழு!"

"இழுக்கறேன்!"

"நான் தள்ளும்போது இழுடா!"

"நீ எப்ப தள்றேன்னு எனக்கெப்படித் தெரியும், சுவர் நடுவுல இருக்கு!"

பாதியில், வளைவில், பழையது முறிந்தது. அலுமினியத்தின் குணம். அக்கா நெற்றியில் கை வைத்துக்கொண்டாள். வெயில் ஜன்னலின் அந்தப் பக்கம் தாண்டிவிட்டது. வயர் இழுக்கிற ஸ்பிரிங் கம்பியை விட்டுக் குழாயைத் துழாவினார்கள். இரண்டு தடவை அது எங்கேயோ முட்டி நின்றது. மூன்றாவது தடவை தம்பி அந்தப் பக்கமிருந்து, "வந்துட்டா, வந்துட்டா!" என்று பிரசவம் பார்த்தவன் மாதிரி கத்தினான். இருவரும் சிரித்துவிட்டார்கள். காலையில் அவள் பேசிய பேச்சுக்கு அவன் இப்படிச் சிரிக்கிறானே என்று அவளுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

எல்லாவற்றையும் முடுக்கி, மெயினைப் போட்டு, ஹீட்டரை ஓடவிட்டு, பிளேட்டின்மேல் கையை வைத்துக் காத்திருந்தார்கள். சில்லென்றே இருந்தது. இன்னும் கொஞ்ச நேரம் வைத்திருந்தாள். சில்லென்றேதான் இருந்தது.

அரைக்கிணறு ஒரு வேலையைக் கடைசிவரை செய்ததை அவள் அன்றுதான் பார்த்தாள். அதோடு நிற்காமல், உருவிய பழைய சிவப்பு வயரையெல்லாம் அறை வாசலோரம் குவித்துவிட்டுத் தரையையும் துடைத்தான்.

"அக்கா, சாயங்காலம் நானே அப்பாகிட்ட சொல்லிடறேன், கடை எனக்கு வேணாம்னு. நீ சொன்னது சரிதான். வாங்கினது நான், மறந்தது நான். எம்பொண்ணுக்கே வினையா வந்திருக்கும்."

"டேய், அந்த ஸ்பூல்…"

"என்ன ஸ்பூலு?"

சொல்லிவிடு, சொல்லிவிடு என்று அடித்துக்கொண்டது நெஞ்சு. ஸ்டூலில் உட்கார்ந்திருந்த அப்பாவின் முகம் முன்னால் வந்து நின்றது. இன்னொரு நினைப்பும் வந்தது, அதை மறைத்து என்ன பயன்? பேசாமல் இருந்தால் கடை தானாக இவள் கைக்கு வரும். அப்படி நினைத்தோமே என்று அவளுக்கே அருவருப்பாக இருந்தது. நினைப்பு போகவில்லை.

கீழே தெரு வாசலில் வண்டி வந்து நின்றது.

டீச்சர் மெதுவாகப் படியேறி வந்தாள். துணிச் சுருளுக்குள் ஒரு சின்ன முகம், கோபமாகத் தூங்கிக்கொண்டிருந்தது. பின்னால் பைகளோடு அம்மா. கடைசியாக அப்பா, ஒவ்வொரு படியாக. கட்டை விரலில் கறுப்பு இன்சுலேஷன் டேப் சுற்றியிருந்தார். அந்த வீட்டில் காயத்துக்கு அதுதான் கட்டு, யாரும் என்ன ஏது என்று கேட்கவில்லை.

"குழந்தையைக் குடு, நான் தூக்கறேன்" என்று தம்பி கையை நீட்டினான்.

டீச்சர் கொடுக்கவில்லை. வாசலோரம் கிடந்த சிவப்புக் குவியலைப் பார்த்தாள். "இதுதானா அது?"

"மாத்தியாச்சும்மா," அக்கா அவசரமாகச் சொன்னாள். "புது வயர். நானே சோதிச்சுட்டேன்."

"உங்களை நான் ஒண்ணும் சொல்லல அண்ணி." அவள் புருஷன் பக்கம் திரும்பினாள். குரல் உயரவே இல்லை, அதுதான் பயமாக இருந்தது. "அத்தை எல்லாம் சொன்னாங்க. இந்த ரூம் ஒண்ணைத்தான் உங்க பொறுப்புல விட்டேன். ஒரு சாமான் வாங்கினா எங்க வச்சோம்னு பார்க்கிற புத்தி உங்களுக்கு எப்பதான் வரும்? நான் வயித்துல சுமந்தேன். நீங்க வயரைக்கூடவா பார்க்கக் கூடாது?"

"என் தப்புதான்" என்றான் தம்பி. அவ்வளவுதான் சொன்னான். காதெல்லாம் சிவந்துபோயிருந்தது.

அம்மா பையைக் கீழே வைத்தாள். "இவன் கையில கடையா? எனக்கு அடிவயிறு இன்னும் நடுங்குது."

அக்கா அப்பாவைப் பார்த்தாள். இப்போது சொல்லுங்கள் என்று கண்ணாலேயே கெஞ்சினாள். அப்பா தொண்டையைச் செருமினார்.

"மருமக சொல்றது நியாயம்தான்," என்றார் அப்பா. "நான்தான் அவசரப்பட்டுட்டேன். கடை பெரியவளுக்கே. இன்னிக்கே குடுத்துடறேன்." மடியிலிருந்து சாவிக் கொத்தை எடுத்து, குவியலுக்கு மேலாகக் கையை நீட்டினார். கண் மகள் முகத்தைவிட்டு அசையவில்லை. வாங்கிக்கொள், வாயைத் திறக்காதே என்று அந்தக் கண் சொன்னது.

எத்தனை வருஷமாக அவள் எதிர்பார்த்த சாவி. இரண்டு கைகளையும் நீட்டி வாங்க வேண்டியது. பக்கத்தில் தம்பி தலையைக் குனிந்து நின்றிருந்தான்.

"வேணாம்பா," என்றாள். குரல் அவளுக்கே புதிதாகக் கேட்டது. "மொதல்ல நீங்க சொல்ல வேண்டியதைச் சொல்லுங்க. அப்புறம் குடுங்க."

"என்னத்தைச் சொல்றது? பிடிம்மா."

"சொல்லுங்கப்பா."

"என்ன சொல்லணும்?" டீச்சர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "என்ன மாமா?"

"ஒண்ணுமில்லம்மா, அவளுக்குச் சந்தோஷத்துல என்ன பேசறதுன்னு தெரியல. வாங்கிக்கம்மா. எவ்வளவு நேரம் நீட்டிக்கிட்டு நிக்கறது?" அப்பா கையை இன்னும் முன்னால் நீட்டினார்.

சாவிக் கொத்து அவர் விரல்களிலிருந்து நழுவியது. உருவிப்போட்ட வயர்க் குவியல்மேல் விழுந்ததால் சத்தமே வரவில்லை.

அப்பா கையை எடுக்கவில்லை. விரல்கள் எதையோ பிடித்திருக்கிற மாதிரியே மடங்கி இருந்தன. "பிடி" என்றார் மறுபடியும். "பிடிச்சுக்க."

அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். எதையுமே கவனிக்காத அரைக்கிணறுதான் ஓரடி முன்னால் வந்தான். குனிந்து சாவியைப் பார்த்தான். அப்பாவின் விரலில் சுற்றியிருந்த கறுப்பு டேப்பைப் பார்த்தான். காலையில் அக்கா சொன்ன வயரையும் சற்றுமுன் அவள் பாதியில் விட்ட ஸ்பூல் பேச்சையும் அவன் ஒன்றாகச் சேர்ப்பது அவன் முகத்திலேயே தெரிந்தது.

பிறகு, தூங்குகிற குழந்தையை எழுப்பிவிடாத குரலில் சொன்னான்.

"அப்பா, உங்க கையில சாவி இல்லப்பா."

அப்பா அப்போதுதான் தன் கையைப் பார்த்தார்.